தொடவிடாத கைகளும் தீய்ந்துபோகாத சர்க்யூட்டும்

எங்கள் காலனி படிப்பகத்துக்கு மாலையில் வருகிற தம்பி ஒருவன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவனுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், அச்சடித்த மாதிரி எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கையெழுத்து. பிரிட்ஜ் ரெக்டிஃபயர் படம் இருந்த பக்கத்தில் விரலை வைத்து, "இந்தக் கெப்பாசிட்டரை எடுத்துட்டா என்னடா ஆகும்?" என்று சும்மா கேட்டேன். நான் சமூகவியல் படித்தவள். எனக்கும் பதில் தெரியாது.

"தெரியலக்கா. நான் கனெக்ஷன் குடுத்ததில்ல."

"ஒரு தடவைகூடவா?"

"எங்க பேட்ச்ல ஆறு பேரு. ரெண்டு பேரு கனெக்ஷன் குடுப்பாங்க. என் எழுத்து நல்லா இருக்கும்னு என்னைய ரீடிங் எழுதச் சொல்லுவாங்க. ஆறு பேருக்கும் நான்தான் படம் போட்டுக் குடுப்பேன்."

பெருமையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு வலித்தது.

அந்த வாரமே படிப்பகத்துக்கு வரும் மற்ற டிப்ளமோ, இன்ஜினியரிங் பிள்ளைகளிடமும் கேட்டேன். கல்லூரிகள் வேறு, கதை ஒன்று. மேசைக்கு ஒரு ஆஸிலோஸ்கோப். அதைச் சுற்றி ஆறேழு பேர். யாருக்கு ஏற்கெனவே தெரியுமோ அவர்கள் கை வைக்கிறார்கள். தெரியாதவர்கள் ஓரமாக நின்று எழுதுகிறார்கள். "பழுதானா காசு யார் கட்டுறது?" என்று லேப் அசிஸ்டன்ட் போடும் ஒரு சத்தம் போதும். எவன் வீட்டில் காசு இல்லையோ அவன் கை தானாகப் பின்னால் போய்விடும். பெண் பிள்ளைகள் அதற்கும் ஒரு அடி பின்னால்.

இதில் யாரும் சாதிப் பெயரைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தவன், அப்பா கடையில் சாலிடரிங் பார்த்து வளர்ந்தவன், ஆங்கிலத்தில் தயங்காமல் கேள்வி கேட்கத் தெரிந்தவன், இவர்கள் யார்? லேபுக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளிலேயே பயமில்லாமல் இருப்பவர்கள் யார்? பியர் பூர்தியு என்ற சமூகவியலாளர் இதைப் பண்பாட்டு மூலதனம் என்றார். நம் ஊரில் அந்த மூலதனம் தெருவாரியாகப் பிரிந்து கிடக்கிறது.

உழைப்பைப் பிரித்ததோடு நில்லாமல் உழைப்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்கியது சாதி என்று பாபாசாகேப் விளக்கினார். அதை எலக்ட்ரானிக்ஸ் லேபில் வைத்துப் பாருங்கள். கையால் செய்யும் வேலை கேவலமாக இருக்கும் இடத்தில் எல்லாம் நம் கை வேண்டும். சாக்கடைக்குள் இறங்க நம் கை வேண்டும். ஆனால், கையால் செய்வதே அறிவாக மாறும் இடம் ஒன்று வந்தால், அங்கே மட்டும் "நீ எழுது, நாங்க பாத்துக்கறோம்" என்று நம் கையை மெதுவாக விலக்கிவிடுவார்கள். ஆஸிலோஸ்கோப்பின் குமிழைத் திருப்புவதற்கு எந்தத் தீட்டும் இல்லை. ஆனாலும் தூரம் இருக்கிறது.

இந்தத் தூரத்தைக் குறைக்க எங்கள் படிப்பகத்தில் நாங்கள் எடுத்த ஒரு கருவியைப் பற்றித்தான் எழுத வந்தேன். லினக்ஸில் ஓடும் கட்டற்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருள். தொழில்நுட்பக் கட்டுரை மாதிரி தெரிகிறதே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். தவறு செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் இதன் விஷயம்.

கம்மென்ற ஒரு இரைச்சல்

படிப்பகத்தில் பழைய ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்று கிடந்தது. 12 வோல்ட்டில் ஓடுவது. அதன் அடாப்டர் செத்துப்போயிருந்தது. ஏப்ரல் 14 விழாவுக்குச் சின்னதாக ஒரு மைக் செட் இருந்தால் நல்லது என்று பேச்சு வந்தபோது, "பவர் சப்ளை நான் பண்றேன்க்கா" என்றான் தம்பி. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 7812 என்ற ரெகுலேட்டர் ஐசி. ரெக்கார்டு நோட்டில் அவன் ஆறு பேருக்கு வரைந்து கொடுத்த அதே படம்தான். பக்கத்து டவுனில் பாகங்கள் வாங்கி வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து பற்றவைத்தான்.

போர்டு ஓடியது. ஆனால் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரில் கம்மென்று ஒரே இரைச்சல். ஒயரை மாற்றினான், சாலிடரைத் திரும்ப வைத்தான், போகவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டு, "நான் பண்ணா இப்படித்தான்க்கா வரும்" என்றான்.

பதினெட்டு வயதுப் பையன் இதை எங்கிருந்து கற்றுக்கொண்டான்? எந்தப் புத்தகத்திலும் இப்படி எழுதவில்லை. ஓரமாக நின்று எழுதிய ஒவ்வொரு லேப் வகுப்பும் இதைத்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. தவறு சர்க்யூட்டில் இருக்கலாம் என்று மற்றவனுக்குத் தோன்றும். நம் பிள்ளைக்குத் தவறு தன்னிடம்தான் என்று தோன்றுகிறது.

சென்னையில் சிப் வடிவமைப்பு வேலை பார்க்கும் நம் தோழர் ஒருவருக்கு அன்று இரவு போன் போட்டோம். "சிமுலேட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார். ஏற்கெனவே எவனோ கொடுத்த பென் டிரைவிலிருந்து கிராக் செய்த ஒரு சிமுலேஷன் மென்பொருளை ஏற்றப்போய், வைரஸ் புகுந்து ஒரு லேப்டாப் படுத்துவிட்ட கதையைச் சொன்னோம். சிரித்தார். "அதை மொத்தமா அழிச்சிட்டு லினக்ஸ் போடுங்க. என்ஜிஸ்பைஸ்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

அந்த லேப்டாப் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் ஒன்று. 2 ஜிபி ரேம். லுபுன்டு என்ற எடை குறைந்த லினக்ஸை ஏற்றினோம். என்ஜிஸ்பைஸ் ஒரே கட்டளையில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதில் படம் போட வேண்டியதில்லை. எந்தப் பாகம் எந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்று வரிக்கு ஒரு பாகமாக எழுத வேண்டும். நெட்லிஸ்ட் என்பார்கள். நம் தம்பிக்குத்தான் எழுத்து நன்றாக வருமே! எழுதினான்.

முதலில் பிழை வந்தது. சிங்குலர் மேட்ரிக்ஸ் என்று திட்டியது. சர்க்யூட்டில் ஒரு முனைக்குச் சுழியம் என்று பெயர் வைத்துத் தரையாகக் காட்ட வேண்டும், எல்லா முனைகளுக்கும் அதோடு ஏதோ ஒரு வழியில் தொடர்பு இருக்க வேண்டும் என்பது இரண்டு மணி நேரம் கழித்துப் புரிந்தது. அடுத்து இன்னொரு பயிற்சியில், மெகா ஓம் என்று நினைத்து மதிப்புக்குப் பின்னால் 'எம்' போட்டான். இந்த மென்பொருளில் சின்ன 'எம்' போட்டாலும் பெரிய 'எம்' போட்டாலும் மில்லிதான். மெகாவுக்கு 'மெக்' என்று எழுத வேண்டும். பத்து லட்சம் ஓம் இருக்க வேண்டிய இடத்தில் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு நின்றது. நிஜ மேசையில் இப்படி ஒரு தவறு செய்திருந்தால் புகை வந்திருக்கும், சத்தம் வந்திருக்கும், "இவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்று ஒரு சிரிப்பும் வந்திருக்கும். இங்கே திரையில் ஒரு தப்பான கோடு வந்தது. அழித்துவிட்டுத் திரும்ப எழுதினான். யாரும் பார்க்கவில்லை. எதுவும் தீய்ந்துபோகவில்லை.

பிறகு பவர் சப்ளை. ரெகுலேட்டருக்குப் பதிலாக அரை ஆம்பியர் இழுக்கும் ஒரு கரண்ட் சோர்ஸை வைத்து ஓட்டச் சொன்னார் தோழர். கணக்கு இதுதான். 12 வோல்ட் ஏசி என்பது சராசரி வகைக் கணக்கு. அதன் உச்சம் 1.414 மடங்கு, சுமார் 17 வோல்ட். இரண்டு டயோடுகள் ஆளுக்கு 0.7 எடுத்துக்கொண்டால் கெப்பாசிட்டரில் ஏறுவது சுமார் 15.5 வோல்ட். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பிரிட்ஜில் போனால் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். இரண்டு ஏற்றத்துக்கு நடுவில் கெப்பாசிட்டர்தான் மொத்தச் சுமையையும் தாங்க வேண்டும். 1000 மைக்ரோஃபாரட்டால் தாங்க முடியவில்லை. திரையில் கோடு 15.5-இலிருந்து 11.5 வரை சரிந்து சரிந்து எழுந்தது. 7812 ஒழுங்காக 12 வோல்ட் கொடுக்க, உள்ளே எப்போதும் 14 வோல்ட் அளவுக்காவது வர வேண்டும். நொடிக்கு 100 முறை அது பட்டினி கிடந்திருக்கிறது. ஸ்பீக்கரில் கேட்ட கம் என்ற சத்தம் அந்தப் பட்டினியின் சத்தம்.

1000-ஐ அழித்து 4700 என்று எழுதினான். சரிவு ஒரு வோல்ட்டுக்குள் நின்றது. கோடு 14.5-க்குக் கீழே இறங்கவில்லை. "அக்கா, நான் தப்பா பண்ணலக்கா. வேல்யூதான் பத்தல" என்றான். அவன் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான்.

அடுத்த நாள் சில பத்து ரூபாயில் ஒரு கெப்பாசிட்டர் வாங்கி மாற்றினான். இரைச்சல் நின்றது.

பெர்க்லியில் எடுத்த ஒரு முடிவு

இந்த மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. இதன் மூதாதையின் பெயர் ஸ்பைஸ். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி வளாகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற மாணவர், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் எழுதியது. 1973-இல் வெளியே வந்தது. அதற்கு முன்பு அங்கே மாணவர்கள் எழுதியிருந்த இன்னொரு நிரலில் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள் இருந்தன. பெடர்சன் அதை ஏற்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க வேண்டும் என்பதற்காகத் திரும்ப எழுத வைத்தார். டேப்பில் பதிந்து, பெயரளவுக் கட்டணத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள்.

அதன் விளைவு என்ன? உலகம் முழுக்க மாணவர்கள் அதில் படித்தார்கள், நிறுவனங்கள் அதை எடுத்துத் திருத்தின. இன்று விலைக்கு விற்கப்படும் பிஸ்பைஸ், ஹெச்ஸ்பைஸ் போன்றவை அந்தப் பொதுச் சொத்தின் மேல் கட்டிய வீடுகள்தான். அதே பெர்க்லி நிரலின் கடைசிப் பதிப்பை எடுத்துத் தன்னார்வலர்கள் தொடர்ந்து வளர்த்து வருவதுதான் என்ஜிஸ்பைஸ். ஊர்ப் பொதுக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துப் பாட்டிலில் அடைத்து விற்கலாம். ஆனால் கிணறு இன்னும் திறந்துதான் இருக்கிறது. கிணற்றின் அருமை நமக்குத் தெரியும் அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? 1927-இல் மகாட்டில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த மரபு நம்முடையது.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு இலவசம், சுதந்திரம் என்று இரண்டு பொருள். தமிழில் கட்டற்ற மென்பொருள் என்று அழகாகச் சொல்லிவிட்டார்கள். ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்ன என்று அனுபவித்த மக்களுக்குக் 'கட்டற்ற' என்பது வெறும் மொழிபெயர்ப்புச் சொல் இல்லை. எந்தக் காரியத்துக்கும் இயக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குப் பகிரலாம். இந்த நான்கும் இருந்தால்தான் கட்டற்றது. எல்டிஸ்பைஸ் என்று ஒன்று இருக்கிறது. நல்ல கருவி, காசும் கேட்பதில்லை. ஆனால் அதன் நிரலைத் திறந்து பார்க்க முடியாது, நாளைக்கு நிறுவனம் நினைத்தால் கதவைச் சாத்தலாம். அது தானம். கிராக் செய்த மென்பொருளோ திருட்டுப் பயத்தோடு ஓட்டுவது. நம் பிள்ளைகளுக்குத் தானமும் வேண்டாம், பயமும் வேண்டாம். உரிமையாக இருப்பதை எடுத்துக்கொள்வோம்.

உரிமை என்று சொல்வதற்கு இன்னொரு காரணம், இதில் நம் வரிப்பணமும் இருக்கிறது. ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸி என்ற திட்டம், ஒன்றிய அரசின் கல்வி அமைச்சக நிதியில், ஈசிம் என்ற மென்பொருளை உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. கிகேட் என்ற கட்டற்ற மென்பொருளில் படம் வரையலாம். உள்ளே என்ஜிஸ்பைஸ் கணக்கிடும். இரண்டையும் ஈசிம் ஒன்றாகக் கோத்துத் தருகிறது. அதே நிறுவனத்திலிருந்து வரும் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் லினக்ஸ் போன்ற பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. ஐஐடி வளாகங்களின் சாதி மனநிலையைப் பற்றி நாம் எழுதாத எழுத்தில்லை, இனியும் எழுதத்தான் போகிறோம். அதற்காக அங்கே மக்கள் பணத்தில் உருவானதை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றுவதில் முன்னின்றவர் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலித் அதிகாரி. 2010-இல் அவரது சாதிச் சான்றிதழையே கேள்விக்குள்ளாக்கி அவரை இடைநீக்கம் செய்தார்கள்; கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், எங்கள் படிப்பகத்துக்கு வந்துசேர்ந்த ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ் அது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எங்கள் பிள்ளைகள் யாருக்கும் எவரும் சொல்லித் தரவில்லை. பலர் அதை அழித்துவிட்டார்கள். சாவியைக் கையில் கொடுத்தார்கள், எந்தப் பூட்டுக்கு என்று சொல்லவில்லை.

நம்மவர்களே கேட்கும் கேள்விகள்

இதையெல்லாம் கூட்டங்களில் பேசும்போது மூன்று கேள்விகள் வருகின்றன. மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று: "கம்பெனிகள் விலை உயர்ந்த மென்பொருளைத்தானே கேட்கிறார்கள்?" உண்மை. பெரிய நிறுவனங்களில் வேறு கருவிகள்தான். ஆனால் நெட்லிஸ்ட் என்ற மொழி பெரும்பாலும் அதேதான். சைக்கிள் ஓட்டக் கற்றவன் எந்தக் கம்பெனி சைக்கிளிலும் ஏறுவான். அதோடு நிலைமையும் மாறுகிறது. 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டர் என்ற சிப் தயாரிப்பு நிறுவனமும் சேர்ந்து 130 நானோமீட்டர் சிப் வடிவமைப்புக்கான கோப்புகளைப் பொதுவில் வெளியிட்டார்கள். நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனவர்களுக்கு மட்டுமே கிடைத்து வந்த விவரங்கள் அவை. இன்று காலனியில் இருக்கும் ஒரு லேப்டாப்பில் அதை இறக்கி, என்ஜிஸ்பைஸில் ஒரு டிரான்சிஸ்டரை ஓட்டிப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. அசெம்பிளி லைனில் நிற்க நம் பிள்ளைகளைப் பேருந்து வைத்துக் கூட்டிப் போகிறார்கள். வடிவமைப்பு அறைக்கு எப்போது பேருந்து வரும் என்று காத்திருக்க முடியாது.

இரண்டு: "சிமுலேஷன் நிஜமாகுமா?" ஆகாது. இதை மறைக்கக் கூடாது. எங்கள் பவர் சப்ளையிலேயே ஒரு பாடம் கிடைத்தது. தம்பி முதலில் 16 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரைத்தான் வாங்கப் போனான். உச்சமே 15.5-தானே என்பது அவன் கணக்கு. தோழர் தடுத்தார். நம் ஊர் மின்சாரம் 230-இல் நிற்பதில்லை. சுமை இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் கூடுதலாகத் தரும். 25 வோல்ட் தாங்குவதை வாங்கு என்றார். சிமுலேட்டருக்கு இது தெரியாது. நாம் எழுதும் கெப்பாசிட்டர் அதற்கு ஒரு எண், அவ்வளவுதான்; அது எத்தனை வோல்ட்டில் வெடிக்கும் என்று நாம் சொன்னால் ஒழிய அதற்குத் தெரியாது. சூடு தெரியாது, தளர்ந்த ஒயர் தெரியாது, சாலிடர் வாசனை தெரியாது.

ஆகவே "சிமுலேஷன் இருக்கிறதே, லேப் எதற்கு" என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அதை முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் நாம். வசதியானவன் பிள்ளைக்கு நிஜக் கருவி, நம் பிள்ளைக்குத் திரையில் படம் என்று ஒரு புது இரட்டைக் குவளை வந்துவிடக் கூடாது. சிமுலேஷன் லேபுக்கு மாற்று இல்லை. லேபில் முன்னால் போய் நிற்பதற்கான தைரியம்.

மூன்று: "கௌரவக் கொலைகள் நடக்கின்றன, வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள், நீ கெப்பாசிட்டரைப் பற்றிப் பேசுகிறாயே?" இந்தக் கோபம் எனக்கும் உண்டு. அந்தப் போராட்டங்களில் நானும் நிற்கிறேன். ஆனால் கல்விக்குள்ளே அன்றாடம் சத்தமில்லாமல் நடக்கும் விலக்கலுக்கு வழக்குப் போட முடியாது, மறியல் செய்ய முடியாது. ஒரு பையன் மூன்று வருடம் ஓரமாக நின்றுவிட்டு, கையில் டிப்ளமோவோடும் "நான் பண்ணா இப்படித்தான் வரும்" என்ற நம்பிக்கையோடும் வெளியே வருவதும் ஒரு வன்கொடுமைதான். இதற்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. இதற்கு வேறு வகை வேலை வேண்டும்.

இந்த விலக்கலுக்கு ஒரு விலையும் இருக்கிறது. லேபில் கை வைக்காத பிள்ளைகள்தான் கடைசி வருடத்தில் புராஜெக்ட் சென்டருக்குப் போகிறார்கள். யாரோ செய்து வைத்த போர்டை ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கி வந்து, வைவாவில் நடுங்குகிறார்கள். அந்தக் காசு நூறு நாள் வேலைக் கூலியிலிருந்தோ, வாரவட்டியிலிருந்தோ வருகிறது.

என்ன செய்யலாம்

மாணவர்களுக்கு: ஒரு பென் டிரைவும் ஏதாவது ஒரு பழைய லேப்டாப்பும் போதும். லினக்ஸை ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். உபுன்டு, டெபியன், மின்ட் எதுவானாலும் என்ஜிஸ்பைஸும் கிகேட்டும் அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. ரேம் குறைவென்றால் கிகேட் திணறும், என்ஜிஸ்பைஸ் ஓடிவிடும். முதல் பயிற்சியாக ஒரு 1000 ஓம் ரெசிஸ்டர், ஒரு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டையும் வைத்து லோ பாஸ் ஃபில்டர் எழுதுங்கள். 159 ஹெர்ட்ஸ் அருகே சிக்னல் விழத் தொடங்க வேண்டும். விழுகிறதா பாருங்கள். பிறகு ரெக்டிஃபயர், அதற்குப் பிறகு ஒற்றை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். லேபுக்குப் போவதற்கு முந்தைய நாளே அந்தச் சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். அடுத்த நாள் மேசையில் என்ன வர வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரிந்தவன் கைதான் முன்னால் நீளும்.

படிப்பகம், பயிற்சி மையம் நடத்தும் தோழர்களுக்கு: உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளை மாதம் ஒரு முறை போனில் உட்கார வையுங்கள்.

இயக்கங்களுக்கு: ஆதிதிராவிடர் நல விடுதிகளில் சோறு, கழிப்பறை பற்றிப் பேசுவதோடு, விடுதிக்கு நான்கு லினக்ஸ் கணினிகள், இரண்டு மல்டிமீட்டர், ஒரு சாலிடரிங் மேசை என்றும் கோரிக்கை வையுங்கள். மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை என்பதால் மறுக்கக் காரணமும் குறைவு. துணைத் திட்ட நிதிக்குத் தமிழ்நாட்டில் 2024-இல் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதி எங்கே போகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது, எங்கே போக வேண்டும் என்பதையும் நாமே சொல்வோம். கல்லூரிகளில், ஒவ்வொரு மாணவரும் முறை வைத்துக் கனெக்ஷன் கொடுக்க வேண்டும் என்பதை எழுத்துப்பூர்வமான விதியாக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தம்பி இப்போது படிப்பை முடித்துவிட்டு, டவுனில் ஒரு இன்வெர்ட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர இன்ஜினியரிங் சேர முயற்சி செய்கிறான். பெரிய வெற்றிக் கதை ஒன்றும் இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு நெட்லிஸ்ட் எழுதச் சொல்லித் தருகிறான்.

போன மாதம் அவனிடம் படிக்கும் தங்கை ஒருத்தி வந்து சொன்னாள்: "அக்கா, இன்னிக்கி லேப்ல ரீடிங் எழுதுன்னாங்க. நான் எழுதமாட்டேன், கனெக்ஷன்தான் குடுப்பேன்னு சொல்லிட்டேன்."

"குடுத்தியா?"

"குடுத்தேன். முதல் தடவை வரல. ரெண்டாவது தடவை வந்துச்சு."

முதல் தடவை வராததைப் பற்றி அவள் வெட்கப்படவே இல்லை.

ஜெய்பீம்.